ஜெர்மன் அதிகாரிச் சீருடையில் தையல் மாற்றங்களைக் கண்டறிவது எப்படி?

பழந்துணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஜெர்மனியில் நடந்த ஓர் ஏலத்தின் வழியாக, இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஜெர்மன் தரைப்படை அதிகாரி ஒருவரின் மேலங்கி என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. தனித் தையற்காரரிடம் அளவு கொடுத்துத் தைக்கப்பட்டது என்றும், அன்று தைத்தபடியே இருக்கிறது, பிறகு யாரும் கைவைக்கவில்லை என்றும் விற்றவர் எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் அங்கியைப் புரட்டிப் பார்க்கப் பார்க்க, அந்த வாசகத்தின் மீதிருந்த நம்பிக்கை எனக்குத் தேய்ந்துகொண்டே வருகிறது.

முன்பக்கம் ஐந்து பொத்தான்கள், மடிப்பும் வளைந்த மூடியும் கொண்ட நான்கு வெளிப் பாக்கெட்டுகள், கரும்பச்சைக் காலர், அதில் வெள்ளிக் கம்பி நூலில் பூவேலை செய்த பட்டைகள், மணிக்கட்டில் மேல்நோக்கி மடித்த அகலமான கைப்பட்டி. தோள்பட்டைகள் கேப்டனுக்கு உரியவை. காலாட்படையின் வெள்ளை நிற அடித்துணி மீது இரண்டு நட்சத்திரங்கள் உள்ளன. வெளிப்பார்வைக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சந்தேகங்கள் உள்ளே தொடங்குகின்றன. லைனிங்கில் கறுப்பு மையில் அழிந்துபோன எண்கள் சில தெரிகின்றன. அவற்றின் அருகே ‘பி 40’ போன்ற ஒரு குறியும் இருக்கிறது. இடுப்பு மட்டத்தில், மேலும் கீழுமாக வரிசையாகச் சிறு துளைகள் நூலால் கட்டப்பட்டுள்ளன. கைப்பட்டியின் துணி அங்கியின் துணியைவிட ஒரு சாயல் வெளிறியிருக்கிறது. வலது மார்பிலுள்ள, ஸ்வஸ்திகாவைப் பற்றி நிற்கும் கழுகுச் சின்னத்தைச் சுற்றி இரண்டு வகை நூல்கள் ஓடுவதாகத் தோன்றுகிறது. இருபக்கத் தையல்களையும் யாரோ பிரித்து விரித்து மறுபடி தைத்திருக்கிறார்கள்.

இவற்றில் எவை அந்த அதிகாரியின் காலத்திலேயே தையற்காரர் செய்தவை, எவை பின்னாளில் விற்பனைக்காகச் செய்தவை என்று பிரித்தறிவதற்கு வழியிருந்தால் சொல்லுங்கள். எதையும் பிரித்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.


ஊசிமுனை எழுதியது:

வணக்கம் ஐயா. தாங்கள் சந்தேகப்படும் அடையாளங்களில் பாதிக்கு மேல் எனக்கு நல்ல அடையாளங்களாகவே படுகின்றன. தவறு விற்றவரின் குறிப்பில்தான் இருக்கிறது.

அன்றைய ஜெர்மன் அதிகாரிகள் தங்கள் சீருடையைத் தாங்களே காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. அதற்கென்று அவர்களுக்குப் படித்தொகை இருந்தது. ஆகவே வசதிக்கும் ரசனைக்கும் ஏற்ப ஒவ்வொருவரும் தத்தம் தையற்காரரிடம் தைத்துக்கொண்டார்கள். அப்படித் தைத்த அங்கியில் படைக் கிடங்கின் அளவு முத்திரை இருக்காது. பெரும்பாலும் உள்பாக்கெட்டில் கடையின் சீட்டு ஒன்று தைக்கப்பட்டிருக்கும். அதில் வாடிக்கையாளரின் பெயரும் தேதியும் கையால் எழுதப்பட்டிருக்கும். (அந்தச் சீட்டு இருந்தால் மட்டும் நிம்மதியடைந்துவிட வேண்டாம். ஓர் அங்கியிலிருந்து பிரித்து இன்னொன்றில் தைப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். சீட்டைப் பிடித்திருக்கும் தையலையும் பார்க்க வேண்டும்.)

தங்களிடம் இருப்பது வேறு வகை. சிப்பாய்களுக்காகத் தொழிற்சாலையில் தைக்கப்பட்ட அங்கிகளில்தான் ஐந்து அளவுகளைக் குறிக்கும் எண்களை முத்திரையாக அடித்தார்கள். கழுத்து, முதுகு, மார்பு, மொத்த நீளம், கை நீளம் ஆகியவையே அந்த ஐந்தும். அருகிலுள்ள எழுத்து கிடங்கைக் குறிக்கும்: பி என்றால் பெர்லின், எம் என்றால் மியூனிக், எச் என்றால் ஹானோவர், ஈ என்றால் எர்ஃபுர்ட். அதையடுத்து வரும் எண் ஆண்டு. ஆக, தங்கள் அங்கி 1940-ல் பெர்லின் கிடங்கிலிருந்து வெளிவந்த சிப்பாய் அங்கியாகத்தான் இருக்க வேண்டும். இடுப்பிலுள்ள துளைகளும் அதற்கே பொருந்துகின்றன. தோட்டாப் பைகளின் எடையைத் தாங்கும் உலோகக் கொக்கிகள் உள்ளேயிருந்து அந்தத் துளைகள் வழியாக வெளியே வரும். அதிகாரிக்கென்று தைத்த அங்கியில் பொதுவாக அவற்றுக்கு வேலையில்லை.

சிப்பாய் அங்கியை அதிகாரி அணிந்தது மோசடியன்று. போலந்துப் போரில் எதிரியின் குறிபார்த்துச் சுடுபவர்களுக்கு அதிகாரிகள் தனித்துத் தெரிந்தார்கள் என்பதால், 1939 அக்டோபர் 31 தேதியிட்ட ஆணை ஒன்று, போர்முனைப் பிரிவுகளின் அதிகாரிகள் சிப்பாய்களுக்குரிய களச் சீருடையையே அணிய வேண்டும் என்றது. ஆணையை மதித்து அங்கியை வாங்கிக்கொண்டவர்கள் பலர். வாங்கியதைத் தையற்காரரிடம் கொடுத்து மீண்டும் அதிகாரி அங்கி போலவே மாற்றிக்கொண்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். மனித சுபாவம்.

1940-ம் ஆண்டு வகை அங்கிக்குத் தொழிற்சாலையில் வைத்தது அங்கியின் நிறத்திலேயே அமைந்த சாம்பல்பச்சைக் காலர். கரும்பச்சைக் காலர் அதற்கு முந்தைய 1936 வகையைச் சேர்ந்தது. அப்படியானால் தங்கள் அங்கியின் காலர் மாற்றப்பட்டது என்பது ஏறக்குறைய உறுதி. சிப்பாய் அங்கியின் கை முனையில் மடிப்பே கிடையாது, பின்புறம் ஒரு திறப்பும் பொத்தானும்தான் இருக்கும். மடித்த கைப்பட்டி என்பது பிறகு சேர்த்த தனித்துணி. அது வேறு துணிச்சுருளிலிருந்து வந்திருப்பதால் சாயல் வேறுபடுகிறது.

எனவே அங்கி மாற்றப்பட்டதா என்பது இங்கே கேள்வியே அல்ல. எந்த மாற்றம் எந்த மாற்றத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று வரிசைப்படுத்துவதுதான் வேலை.


காஜா எழுதியது:

சேகரிப்பு பற்றி எனக்கு அதிகம் தெரியாது. கோட்டுத் தையலில் இருப்பவன் என்ற முறையில், ஊசிமுனை ஐயா சொன்னதற்குத் தையல் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

முதலில் காலரின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். தொழிற்சாலைக் காலரின் அடியில், விறைப்புக்காக மெஷினில் வளைந்து வளைந்து ஓட்டிய தையல் வரிசைகள் இருக்கும். கையால் காலர் செய்பவர் கேன்வாஸைத் துணியோடு சேர்த்துப் பிடித்து, விரலில் வளைத்துக்கொண்டே சாய்வாகச் சிறு சிறு தையல்களாகப் போடுவார். அந்தக் காலர் மேசையில் வைத்தாலும் தட்டையாகப் படுக்காது, கழுத்தின் உருண்டையைத் தானே காட்டும். பின்னாளில் அவசரமாக மாற்றிய காலரில் அந்த உருண்டை இருக்காது. பக்ரம் என்னும் விறைப்புத் துணி வைத்து ஒட்டியதும் உண்டு.

அடுத்து, காலர் உடலோடு சேரும் கழுத்துத் தையல். பழைய காலரைப் பிரித்த இடத்தில் மெஷின் ஊசித்துளைகள் ஒரே சீரான இடைவெளியில் நிற்கும். கம்பளித் துணி பொறுமையானது. ஆவி காட்டினால் துளை மூடிக்கொள்ளும். ஆனாலும் தையலோரம் மடிந்து கிடக்கும் உள்துணியில் துளைகள் அப்படியே இருக்கும். புதுக் காலரைக் கையால் வைத்திருந்தால், அந்தச் சீரான துளைகளுக்கு நடுவே ஒழுங்கற்ற இடைவெளியில் புது நூல் ஓடும். அந்த நூலின் மேல் வியர்வைக் கறையும் கழுத்து அழுக்கும் தடையில்லாமல் படிந்திருந்தால், அந்தக் காலரோடு ஒரு மனிதர் நெடுநாள் வாழ்ந்திருக்கிறார் என்று பொருள். கறை பழையதாகவும் அதன் குறுக்கே ஓடும் நூல் சுத்தமாகவும் இருந்தால் கதை வேறு.

மூன்றாவதாகக் கை, தோளோடு சேரும் இடம். அதிகாரிகளின் தோள்பட்டை இரண்டு வகையில் வரும். ஒன்று, அடியிலுள்ள நாக்கை ஒரு வளையத்துக்குள் நுழைத்துப் பொத்தான் போட்டுக் கழற்றி மாட்டக்கூடியது. மற்றது, தோள் முனைத் தையலுக்குள்ளேயே வைத்துத் தைத்தது. இரண்டாவது வகையை மாற்றுவதென்றால் கைத்தலையின் உச்சியில் நான்கைந்து அங்குலம் பிரித்தே ஆக வேண்டும். மறுபடி மூடும்போது கைத்தலையின் சுருக்கம் பழையபடி அமையாது. சிறிய அலை ஒன்று நின்றுவிடும். லைனிங்கும் அந்த இடத்தில் மட்டும் வேறு நூலில் ஹெம்மிங் செய்யப்பட்டிருக்கும்.

பக்கத் தையலை விரித்திருப்பதைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன். நல்ல தையற்காரர் எப்போதும் உள்ளே துணி விட்டுத் தைப்பார். ஆள் பருத்தால் விரிக்கத்தான் அது. தொழிற்சாலை அங்கியில் விட்டிருக்கும் துணி குறைவு, ஆகையால் விரித்த பிறகு உள்ளே மிச்சம் அரை விரல் அகலம்கூட இல்லாமல் போகும். விரித்த இடத்தில் பழைய தையல் கோடு வெளிப்பக்கம் மெல்லிய தழும்பாகத் தெரியும். அதன் ஒரு பக்கம் வெயிலில் வெளிறியும் மறுபக்கம் பழைய நிறத்திலும் இருந்தால், அங்கியை நெடுநாள் அணிந்த பிறகு விரித்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே நிறமாக இருந்தால், வாங்கிய உடனேயே, முதல் முறை போட்டுப் பார்த்தபோதே விரித்திருக்கிறார்கள். முன்பொத்தான்களும் இடம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். அவசரத்துக்கு எல்லாத் தையற்காரர்களும் செய்வது அதைத்தான்.


பழந்துணி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. சொன்னபடி பார்த்துவிட்டேன்.

கைப்பட்டியின் மேல்விளிம்பை மெதுவாக விலக்கிப் பூதக்கண்ணாடி வைத்தபோது, அடியில் பழைய திறப்பு கையால் மூடித் தைக்கப்பட்டிருப்பதும், பொத்தானை அறுத்தெடுத்த இடத்தில் நூல் மிச்சம் கொஞ்சம் நிற்பதும் தெரிந்தன. காலர் மேசையில் படுக்கவில்லை. அடிப்பக்கத்தில் சாய்வான கைத்தையல்தான். கழுத்துத் தையலின் மேல் கறை தொடர்ச்சியாக இருக்கிறது. முன்பொத்தான்கள் இடம் மாறவில்லை. தோள்பட்டைகள் கழற்றி மாட்டும் வகை.

கழுகுச் சின்னத்தில்தான் குழப்பம். அதன் இறக்கை முனைகளுக்கு வெளியே, சின்னத்தின் விளிம்பைவிடச் சற்றுத் தள்ளி, சீரான இடைவெளியில் வெற்றுத் துளைகள் தெரிகின்றன. சின்னத்தைப் பிடித்திருக்கும் நூல்களில் ஒன்று சாம்பல் நிறம். அது அங்கங்கே அறுந்து துண்டு துண்டாக நிற்கிறது. மற்றது வெண்மையானது, அதன் தையல்கள் உள்ளே லைனிங்கையும் துளைத்துக்கொண்டு வருகின்றன. புறஊதா விளக்கில் பார்த்தால் வெண்ணூல் நீலமாக ஒளிர்கிறது. சாம்பல் நூலும் காலர் நூலும் ஒளிரவில்லை. இது போலிதானே?


கம்பளி எழுதியது:

அவசரப்பட வேண்டாம். தாங்கள் விவரித்திருப்பது மூன்று தலைமுறைத் தையல், மூன்றும் ஒரே இடத்தில்.

வெளியே தள்ளி நிற்கும் சீரான துளைகள் தொழிற்சாலையில் தைத்த சிப்பாய்க் கழுகினுடையவை. அது இயந்திரத்தில் நெய்த சின்னம், வடிவம் சற்று வேறு. அதிகாரி அங்கியாக மாற்றியபோது அதைப் பிரித்துவிட்டு, கம்பி நூல் பூவேலைக் கழுகைச் சாம்பல் நூலால் கையால் தைத்தார்கள். அறுந்து நிற்கும் சாம்பல் நூல் அந்தத் தலைமுறை. மூன்றாவது வெண்ணூல். அது லைனிங்கைத் துளைத்துக்கொண்டு வருவதிலிருந்தே தைத்தவருக்குப் பொறுமையோ பழக்கமோ இருக்கவில்லை என்பது தெரிகிறது. தொழில் தெரிந்த கை லைனிங்கை விலக்கிவிட்டு மேல்துணியில் மட்டும் தைக்கும்.

சாம்பல் நூல் ஏன் அறுந்தது என்பதற்கு வரலாற்றில் விடை இருக்கிறது. 1945-ல் ஜெர்மனி சரணடைந்த பின் மாற்றுத் துணி இல்லாமல் பழைய சீருடையையே உடுத்தித் திரிந்தவர்கள் ஏராளம். ஆக்கிரமிப்புப் படைகள் சின்னங்களை நீக்கச் சொன்னதால் கழுகைப் பிரித்தெறிந்தார்கள். பலர் அங்கிக்குச் சாயமும் ஏற்றினார்கள். பல பத்தாண்டுகள் கழித்துச் சேகரிப்புச் சந்தை உருவானபோது, கழுகு இல்லாத அங்கிக்கு மதிப்பில்லை என்பதால் வேறொரு கழுகைத் தேடித் தைத்தார்கள். தங்களிடம் சாம்பல் நூலின் துண்டுகள் சின்னத்தின் விளிம்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்றால், சின்னம் முழுதாகப் பிரிக்கப்படவே இல்லை. நூல் நைந்து தொங்கியதை யாரோ வெண்ணூலால் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று கொள்ளவும் இடமுண்டு. சாம்பல் துண்டுகள் அங்கியின் துணியில் மட்டும் இருந்து சின்னத்தின் விளிம்பில் இல்லாவிட்டால், சின்னம் வேறிடத்திலிருந்து வந்தது. இதைப் பூதக்கண்ணாடி வைத்தே முடிவு செய்யலாம்.

புறஊதா விளக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பாலியெஸ்டர் 1941-ல் இங்கிலாந்தில் உருவானது; சந்தைக்கு வந்தது போருக்குப் பின். ஆகவே பாலியெஸ்டர் நூல் என்று உறுதியானால் அது பிற்காலத் தையல்தான், அதில் வாதமில்லை. ஆனால் ஒளிர்வதெல்லாம் பாலியெஸ்டர் ஆகிவிடாது. வெளுப்பூட்டும் பொருள் கலந்த இன்றைய சலவைத்தூள் பட்டால் பழைய பருத்தி நூலும் ஒளிரும். ஒளிராததெல்லாம் பழையது என்பதும் சரியன்று. பழைய நூல்கண்டுகளை வாங்கி வைத்துத் தைக்கும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். உதிர்ந்து கிடக்கும் நூல்துண்டு ஏதேனும் கிடைத்தால், அங்கியிலிருந்து எட்டத்தில், இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாடையோடு சாம்பலாகும். பட்டு முடி கருகும் வாடை தரும். பாலியெஸ்டர் உருகி முத்தாகத் திரளும்.

ஜெர்மனியில் வசிப்பவராக இருந்தால் இன்னொன்றையும் கவனத்தில் வையுங்கள். அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவு, ஸ்வஸ்திகா உள்ள சின்னங்களைப் பொதுவில் காட்டுவதைத் தடுக்கிறது. ஆய்வுக்கும் கல்விக்கும் விலக்கு உண்டு. ஏலப் பட்டியல்களில் அந்த இடத்தை மறைத்து வெளியிடுவது இதனால்தான். மறைத்த படத்தை மட்டும் நம்பி வாங்குபவருக்குச் சின்னத்தைச் சுற்றியுள்ள தையல் தெரியாமல் போய்விடுகிறது. விற்பவர்களில் சிலருக்கு அது வசதியாகவும் இருக்கிறது.


ஊசிமுனை எழுதியது:

கம்பளி அவர்கள் சொன்ன மூன்று தலைமுறைக் கணக்கை ஏற்கிறேன். ஆனால் தொங்கிய நூலைப் பிடித்து வைத்தது என்ற விளக்கத்துக்கு என் மனம் எளிதில் இடங்கொடுக்கவில்லை. நைந்த நூல் ஒரு பக்கமாக நையும். சுற்றிலும் துண்டு துண்டாக நிற்பது கத்தியோ பிளேடோ பட்டதன் அடையாளமாகவே இருக்கும். சின்னத்தின் நிழலைப் பாருங்கள். சின்னம் காலங்காலமாக மூடியிருந்த துணி வெளிறாமல் நிற்கும். அந்த வெளிறாத பகுதியின் ஓரமும் இப்போதைய சின்னத்தின் ஓரமும் முடிக்கு முடி பொருந்தினால் அவர் சொல்வது சரி. அந்துப்பூச்சியும் நல்ல சாட்சி. பூச்சி அரித்த தடம் சின்னத்தின் விளிம்பு வரை வந்து நின்றால் சின்னம் முன்பே அங்கு இருந்தது. தடம் சின்னத்தின் அடியில் புகுந்து மறுபக்கம் வெளிவந்தால், பூச்சி வந்துபோன பிறகுதான் சின்னம் வந்தது.

இந்த ஒழுங்கு வேறு அங்கிகளுக்கும் பயன்படும் என்பதால் சிறிது விலகிச் சொல்கிறேன். சந்தையில் பெரிய பணம் புழங்குவது ஜெனரல் அங்கிகளில்தான். சாதாரண அதிகாரியின் அங்கியை எடுத்து, தங்க நூல் வேலை செய்த சிவப்புக் காலர் பட்டையைத் தைத்து, கால்சட்டையின் இரு பக்கமும் அகலச் சிவப்புப் பட்டை ஓட்டினால் விலை பல மடங்கு ஏறிவிடுகிறது. பதவி உயர்வு பெற்ற அதிகாரிகளும் இதையேதான் செய்தார்கள் என்பது சிக்கல். அங்கே பார்க்க வேண்டியது பட்டைக்கு அடியில் இருக்கும் பக்கத் தையலை; பழைய பைப்பிங் (தையலோரம் செருகும் மெல்லிய வண்ணக் கரை) எந்த நிறம், அது தையலுக்குள் இருக்கிறதா, பட்டையின் மேல்முனை இடுப்புப் பட்டிக்குள் நுழைகிறதா அல்லது அதன் கீழே மடித்து நிறுத்தப்பட்டிருக்கிறதா என்பதை.

எட்டுப் பொத்தான்களோடு 1935-ல் வந்த வாஃபன்ராக் என்னும் விழாக்கால அங்கியில் இந்த ஏமாற்று கடினம். அதன் முன்விளிம்பு, காலர், கைப்பட்டி எல்லாவற்றிலும் படைப்பிரிவின் நிறத்தில் பைப்பிங் தையலுக்குள்ளேயே செருகப்பட்டிருக்கும். காலாட்படையின் வெள்ளையைக் கவசப்படையின் இளஞ்சிவப்பாக மாற்ற வேண்டுமானால் முன்பக்கம் முழுவதையும் பிரிக்க வேண்டும். ஆகவே தோள்பட்டையையும் காலர் பட்டையையும் மட்டும் மாற்றிவிட்டு, பைப்பிங் நிறம் பொருந்தாமல் மாட்டிக்கொள்கிறார்கள். இன்னொரு கூட்டம், 1956-ல் தொடங்கப்பட்ட கிழக்கு ஜெர்மன் படையின் அங்கிகளை எடுத்துப் பழையதாக்கி விற்கிறது. நிறமும் வெட்டும் நெருங்கி வருவதால் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். லைனிங்கும் முத்திரைகளும் காட்டிக்கொடுத்துவிடும்.


காஜா எழுதியது:

ஒரு சிறு யோசனை. முத்திரையில் ஐந்து அளவுகள் இருப்பதாகச் சொன்னீர்கள். அவற்றில் எவையெல்லாம் படிக்கக் கிடைக்கின்றனவோ அவற்றை இன்றைய அளவோடு ஒப்பிடுங்கள். மார்பளவு உடலின் அளவு. அங்கி எப்போதும் அதைவிடத் தளர்வாகவே இருக்கும், ஆகவே அது அவ்வளவாக உதவாது. கை நீளமும் முதுகு நீளமும் உதவும். கைப்பட்டி வைத்தவர் கையை உயர்த்தியிருக்கிறாரா, இறக்கியிருக்கிறாரா என்பது அதிலேயே வந்துவிடும். காலர் மாற்றியவரும் கைப்பட்டி வைத்தவரும் ஒரே ஆள்தானா என்று பார்க்க, இரண்டு இடங்களிலும் தையலின் சாய்வைப் பாருங்கள். வலக்கைக்காரர் தையலும் இடக்கைக்காரர் தையலும் எதிரெதிர்ப் பக்கம் சாயும்.


பழந்துணி எழுதியது:

பார்த்தேன். கை நீளம் முத்திரையில் 62. இப்போது 60 சென்டிமீட்டர். முதுகு எண் படிக்கும்படி இல்லை. காலரின் அடியிலும் கைப்பட்டியின் உள்விளிம்பிலும் தையல் ஒரே பக்கம் சாய்கிறது, நூலும் ஒன்றே போலத் தெரிகிறது. கழுகின் இடது இறக்கைக்குக் கீழே வெளிறாத துணி ஒரு நகக்கண் அகலம் வெளியே தெரிகிறது. வலது பக்கம் தெரியவில்லை. அதாவது இப்போதுள்ள சின்னம், முன்பு இருந்ததன் மேல் சரியாகப் பொருந்தவில்லை. சாம்பல் நூலின் துண்டுகளும் அங்கித் துணியில்தான் நிற்கின்றன, சின்னத்தில் இல்லை.

என் பதிவேட்டில், 1940-ல் பெர்லின் கிடங்கு வழங்கிய சிப்பாய் அங்கி, அக்காலத்திலேயே ஒரே தையற்காரரால் காலரும் கைப்பட்டியும் மாற்றப்பட்டது, மார்புச் சின்னம் போருக்குப் பின் வேறிடத்திலிருந்து எடுத்துத் தைக்கப்பட்டது என்று எழுதி வைக்கிறேன். கழற்றி மாட்டும் தோள்பட்டைகள் இந்த அங்கியோடு பிறந்தவையா என்பதற்கு மட்டும் சான்று வேண்டும். தோள் துணியில் அவற்றின் நிழல் தெரிகிறதா என்று பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் படங்களோடு வருகிறேன்.